தொண்ணூறு நாள் கிண்ணம்

மர்ஜூனா வீட்டில் நான் முதலில் கேட்டது தண்ணீர்.
இரண்டாவது, ஓர் ஆணி.

கீழக்கரை. ஆனி மாதம்.
கச்சான் காற்று தெருமுனை மணலைச் சுருட்டி
யார் வீட்டுக்குள் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.
இந்த வீட்டுக்குள் முடியாது.
அலுமினியச் சட்டம், இரட்டைக் கண்ணாடி,
இடுக்கெல்லாம் சிலிக்கான் பசை.
"உப்புக்காத்து டிவியத் தின்னுருதுங்க.
போன ஃப்ரிட்ஜு ரெண்டே வருசம்."
தம்மாமில் மச்சான் சம்பாதித்த குளிர்
ஒரு துளியும் வெளியே போகாமல்
பதினெட்டில் நின்றது.

என் பையில் நாற்பது கிண்ணங்கள்.
ஒவ்வொன்றிலும் தபால்தலை அளவுக்குச் சிவப்பு ஃபிலிம்.
தரையிலிருந்து ஐந்தடி உயரம்,
சுவரை விட்டு ஒரு சாண்,
தொண்ணூறு நாள் தொடக்கூடாது.

"என்னத்தப் பிடிக்க?"
ஒரு வாயு. ரேடான்.
"சிலிண்டர் கசியுதா?"
இல்லை, மண்ணிலிருந்து வருவது.
அடியில் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாகும்போது விடும் மூச்சு.
"வாடை?"
கிடையாது.
"நெறம்?"
கிடையாது.
"அப்ப அதுவே கிடையாதுன்னு சொல்லுங்க."
எனக்கும் முதல் வகுப்பில் அப்படித்தான் தோன்றியது.

புரட்டாசியில் திரும்பிப் போனேன்.
கிண்ணத்துக்கு முக்காடு.
பச்சைத் துப்பட்டா, நாலு மடிப்பு, ரப்பர் பேண்டு.
கேமராவாக இருக்கும் என்று கொழுந்தியா சொன்னாளாம்.
நான் பெண் என்பதால் உள்ளே விட்ட வீடு அது.
என் கிண்ணம் யார் என்று அவர்களுக்கு யார் சொன்னது?
எப்போது போர்த்தினார்கள் என்று நினைவில்லை.
அந்த ஃபிலிம் கணக்கில் சேராது.
அங்கேயே உட்கார்ந்து கிண்ணத்தைப் பிரித்தேன்:
லென்ஸ் எங்கே, வயர் எங்கே, தேடுங்கள்.
மர்ஜூனா ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து
"வெறும் தாளு" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.
மறுபடி தொண்ணூறு நாள். அதே ஆணி.

தை.
காரச் சோடாக் கரைசலில், அறுபது டிகிரியில்,
ஒன்றரை மணி நேரம் ஊறினால்
ஃபிலிம் வாய் திறக்கும்.
நுண்ணோக்கியின் கீழே
ஈர மணலில் நண்டுவளை மாதிரி,
ஆனால் வெளிச்சமாய், துளைகள்.
ஒவ்வொன்றும் ஓர் அணு உடைந்து உதைத்த தடம்.
கூடத்தில் கொஞ்சம்.
புகைபோக்கி இருப்பதால் சமையலறையில் அதைவிடக் குறைவு.
படுக்கையறையில் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது.
அவள் பிள்ளை அங்கே தரையில் பாய் விரித்துத் தூங்குவது
எண்ணும்போது ஞாபகம் வரக்கூடாது.
வந்தது.
முதலிலிருந்து எண்ணினேன்.

கன மீட்டருக்கு இருநூற்றுப் பத்து பெக்கரல்.
நூறுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள்.
இதைக் கொண்டுபோய் என்னவென்று சொல்ல?
பயப்படு என்றால் பொய்.
பயப்படாதே என்றாலும்.

சீனி ஆதம் போன் திரையில் வந்தார்,
தலையில் ஹெல்மெட், முதுகுக்குப் பின்னால் கிரேன்.
"லோனே முடியலியே மேடம். இடிக்கணுமா?"
வேண்டாம். ஒரு குழாய்.
தரையைத் துளைத்து மண் வரை இறக்கி
மொட்டைமாடிக்கு மேல் கொண்டுபோய் விட வேண்டும்,
நடுவில் சின்ன விசிறி, இழுத்து வெளியே தள்ள.
டைல்ஸ் விரிசல்களை அடைக்க வேண்டும்.
அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, காசில்லாமல்,
ஜன்னல்.

சிரித்தார். கோபமில்லை.
"பதினோரு வருசம் வெயில்ல நின்னு
அந்த ஜன்னல மூடுனேன்."
கிரேன் எதையோ தூக்கியது. லைன் போய்விட்டது.

மர்ஜூனா மீன் கத்தியை எடுத்து வந்தாள்.
பசையைக் கீறினாள்.
சுறாக் குடல் மாதிரி நீளமாய் உரிந்து வந்தது.
கதவு ஓடவில்லை. உப்பு உள்ளேயே இருந்திருக்கிறது,
தண்டவாளத்தில், இத்தனை நாளும்.
இருவரும் சேர்ந்து தள்ளினோம்.

வாடை வந்தது. இரண்டு அர்த்தத்திலும்:
வடக்கிலிருந்து குளிர்,
அதன் தோளில் கருவாடு, படகு டீசல்,
பக்கத்து வீட்டு நெய்ச்சோறு.
பிள்ளை தும்மியது.

அவள் அவசரமாய் டிவிக்கு ஒரு துணி தேடினாள்.
அதே பச்சைத் துப்பட்டா.
நாலு மடிப்பு.